காதை மூடிக்கொண்டு நடக்கக் கூடாத மலை

சேலத்து வெயிலுக்குப் பயந்து ஏற்காட்டுக்கு ஓடுகிறவர்கள் ஏராளம். நான் ஏற்காட்டுக்கே பயந்தவள். முப்பது வருஷமாக மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த மலையைப் பார்க்கிறேன். மேலே போனது இரண்டே முறை. இரண்டு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன். இந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை மூன்றாவது முறை கிளம்பியதற்குக் காரணம் ஜாஸ்.

என் வீட்டுக்காரர் சண்முகத்துக்கு ஓய்வு பெற்ற கையோடு ஜாஸ் இசைப் பைத்தியம் பிடித்துவிட்டது. மருமகன் காரில் ஒருநாள் போட்டுக் காட்டினான், அவ்வளவுதான். காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினார். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே போகாது. அன்றிலிருந்து நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். சாம்பாரில் உப்பு போதுமா என்பதைக்கூட மூன்று முறை கேட்க வேண்டும். "இது கோடைக்குன்னே பிறந்த சங்கீதம், விஜயா. அவசரமே படாது. இதைக் குளிர்ந்த இடத்துல உக்காந்து கேக்கணும்" என்றார். அதற்காகத்தான் பயணம்.

காலை எட்டு மணிக்குப் பஸ். அடிவாரம் வரை நன்றாகத்தான் இருந்தேன். மலைப்பாதை தொடங்கியதும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். பியானோ ஒன்று, யாரோ யோசித்து யோசித்துப் பேசுவதுபோல மெதுவாக வாசித்தது. இனிமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு லாரி முளைத்தது. அதன் ஹாரன் என் காதில் விழவேயில்லை. "எனக்குச் சத்தம் கேட்டாத்தாங்க தைரியம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு ஏற்காடு. ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். அங்கிருந்து வெள்ளக்கடைப் பக்கம், இரவு தங்கப் பேசிவைத்திருந்த ஒரு எஸ்டேட் வீட்டுக்கு ஜீப் பிடித்தோம். வாடகை ஐந்நூறு ரூபாய். ஓட்டியவர் பஷீர் பாய். ஆளே இல்லாத பாதையிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தார். என்னவருக்கு எரிச்சல்.

"காட்டுக்குள்ள எதுக்குங்க ஹாரன்?"

"காட்டெருமை இருக்குதுங்க. அதுபாட்டுக்கு மேஞ்சிட்டுப் போயிரும். நாம வர்றது மட்டும் அதுக்கு முன்னாலயே தெரியோணும், அவ்வளவுதானுங்க."

என்னவர் சிரித்தார். நான் அப்போதே இரண்டு பக்கமும் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

மதியம் எங்களுக்குச் சமைத்துப்போட்டவள் சரசு. நாற்பது வயதிருக்கும், அந்த எஸ்டேட்டிலேயே காப்பித் தோட்ட வேலையும் செய்கிறாள். சாப்பிட்டதும் என்னவர் தாழ்வாரத்தில் சின்ன ஸ்பீக்கரை வைத்தார். ஒரு பெண் குரல். பின்னால், முறத்தில் அரிசி புடைப்பதுபோல டிரம் மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. காப்பிச் செடிகளின் மேலிருந்து வந்த காற்றும் அதுவும் சேர்ந்து சொக்க வைத்தன. "ஏனுங்கக்கா, இது பாட்டுங்களா, தூக்க மருந்துங்களா?" என்றாள் சரசு, கொட்டாவி விட்டுக்கொண்டே.

அப்போது கீழ்ப் பாதையில் இரண்டு தொழிலாளர்கள் போனில் சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனார்கள். "மலைக்கு வந்தும் இந்த இரைச்சலா? நாகரிகமே இல்லை" என்று முகம் சுளித்தார் என்னவர். தானும் அப்படி அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் தூங்கப் போனேன்.

எழுந்தபோது மணி ஐந்தரை. வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. அவரைக் காணோம்.

"அய்யா நடக்கப் போனாருங்க" என்று டீயோடு வந்தாள் சரசு. "பாட்டுப் போட்டுட்டுத்தானுங்களே போனாரு?"

"காதுல மாட்டிக்கிட்டுப் போயிருப்பார்."

அவள் முகம் மாறியது. டம்ளரை அப்படியே திண்டின்மேல் வைத்தாள். "அய்யய்யோ! சாயங்காலம் இங்க யாருமே சத்தமில்லாம நடக்க மாட்டாங்கக்கா. நம்ம சத்தம் கேட்டா எருமை ஒதுங்கிப் போயிரும். சத்தமில்லாம பக்கத்துல போயி நின்னம்னா மிரண்டு வந்து ஆளை முட்டிப்போடும். அதுக்குத்தானுங்க எல்லாரும் போன்ல பாட்டு வெச்சுட்டுப் போறது."

போன் போட்டேன். சிக்னல் கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன், அப்போதும் இல்லை. ஓடிப்போய்க் கத்தலாமென்று வாயைத் திறந்த என் கையைச் சரசு இறுக்கிப் பிடித்தாள். "கத்தாதீங்க, திடீர்னு கத்துனாலும் மிரளும். தூரத்துல இருந்தே சாதாரணமாப் பேசிட்டு வாங்க." தன் போனில் ஒரு அம்மன் பாட்டைச் சத்தமாக வைத்தாள். நடந்தோம். நான் என்ன பேசுவது? ரசத்துக்குப் புளி எவ்வளவு, கேஸ் எப்போது தீர்ந்தது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன். குரல் என்னுடையதாகவே இல்லை.

இரண்டாவது திருப்பத்தில் அவரைப் பார்த்தோம். ஒரு பாறையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கவாட்டில், காப்பிச் செடிகளுக்கு நடுவே இன்னொரு பாறை. அந்தப் பாறைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. அது மூச்சு விட்டது.

சரியாக அந்த நேரம் அம்மன் பாட்டு முடிந்துவிட்டது. சரசு அடுத்த பாட்டைத் தேட, பதற்றத்தில் அவள் விரல் வழுக்கியது. எங்கும் ஒரு சத்தமில்லை. அது தலையைத் தாழ்த்தி அவரை நோக்கி ஒரு அடி வைத்தது.

நான் பேச ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்ததென்று தெரியாது. "இந்த ரெண்டு வருஷமா நான் பேசுனது ஒண்ணாவது உங்க காதுல விழுந்துச்சாங்க? எனக்கு முட்டி வலின்னு எத்தனை தடவை சொன்னேன்? பேசறதுக்கு ஆள் இல்லாம மிக்ஸிகூடப் பேசறேன், தெரியுமா? நீங்க போயிட்டா நான் யாருங்க, எனக்கு யாருங்க?" கத்தவில்லை. சமையலறையில் நின்று சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணீர் மட்டும் கொட்டியது.

அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. முழுக்கக் கேட்டது. பிறகு திரும்பி, செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

என்னவர் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டதும் ஹெட்போனை இறக்கினார். "என்ன, டீ ஆயிருச்சா?"

சரசு முறிந்த கிளைகளையும், ஈர மண்ணில் பதிந்திருந்த குளம்புத் தடத்தையும் காட்டினாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பும்போது தன் போனிலேயே சாக்ஸபோனைச் சத்தமாக வைத்தார். நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கி, ஒன்று மட்டும் கிசுகிசுக்கிற இடம் வந்தது. "ஏனுங்கய்யா, இப்படி நடுவுல நின்னா நொம்ப ஆபத்துங்க" என்றாள் சரசு. அந்த இடைவெளிகளிலெல்லாம் அவரே பேசினார். என் முட்டி வலி பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தானே.

மறுநாள் இறங்கி வந்தோம். சேலம் கொதித்துக் கிடந்தது. இப்போது சாயங்காலங்களில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, ஸ்பீக்கரில்தான் ஜாஸ் கேட்கிறோம். ஹெட்போன் பீரோவில் கிடக்கிறது. பாட்டில் அந்த அமைதியான இடம் வரும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் உட்காரப் பொறுக்காது. மலைப் பக்கம் பார்த்துக்கொள்வேன். அதைக் கண்டதும் அவர் ஒலியைக் குறைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்வார்.

"அன்னைக்கு என்னதான் சொன்னே, விஜயா? சரசு கேட்டாளாம், எருமையும் கேட்டுச்சாம், நான் மட்டும் கேக்கலையே."

"போய் அந்த எருமையைக் கேளுங்க" என்பேன்.

"நீயே சொல்லேன்" என்று பாட்டை நிறுத்திவிட்டார் நேற்று.