கம்படி வகுப்பில் என் சோடி

கம்படி பழக்கும் தொழிலில் முதலில் போவது விரல் நகம். அடுத்ததாகப் பயம் போகும் என்று சொல்லுவார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் நின்று பார்த்தவர்கள். சனிக்கிழமைகளில் கையில் ஐஸ் கட்டிக்கொண்டு வீடு திரும்பிய என்னைப் போன்றவர்கள் நகம் போகும், பயம் போகாது என்று ஒத்துக்கொள்வார்கள்.

நான் பழக்கியது எங்கள் சிலம்பம் அல்ல, பிலிப்பைன்ஸ்காரரின் எஸ்க்ரிமா. இருபத்தெட்டு அங்குலப் பிரம்பு ஒன்றோ இரண்டோ போதும். மனைவி இறந்த வருடம், வீட்டில் சத்தமே இல்லாமல் இருந்தது பொறுக்காமல், நூலகத்தில் ஒரு வீடியோ நாடா எடுத்தேன். புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த அஜின்கோர்ட் வீட்டின் பேஸ்மென்ரில் பழைய கார் ரயர் ஒன்றைத் தொங்கவிட்டு அதை அடித்து நானாகவே பழகினேன். மூன்று வருடத்தில் எல்லாப் பிழைகளையும் மிகத் திறமையாகச் செய்யத் தெரிந்துகொண்டேன். அவற்றைத் திருத்தியவர் டோடோங் மாஸ்டர். மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில், பல் வைத்தியருக்குப் பக்கத்து அறையில் வகுப்பு நடத்தினார். என்ன கண்டாரோ, ஒருநாள் என்னை உதவி ஆசிரியர் ஆக்கினார். கிழமை நாட்களில் பாண் சுடுகிற தொழிற்சாலை, சனிக்கிழமை கம்பு.

இங்கே எழுதுவதெல்லாம் வன்னியில் சண்டை முடிந்த வருடத்துச் சனிக்கிழமைகள்.

கதவைச் சாத்தியவர்

இந்த வித்தையில் முதல் குறி எதிரியின் தலை அல்ல, ஆயுதம் பிடித்திருக்கிற கை. கை போனால் ஆயுதம் தானாக விழும். ஆனால் வகுப்பில் கையை அடித்தால் அடுத்த கிழமை ஆள் வரமாட்டார். ஆகவே சோடி சோடியாக நின்று கம்போடு கம்பை அடிப்போம். கைக்குப் போகவேண்டிய அடி ஒரு சாண் விலகிக் கம்புக்குப் போகும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு சொல்லுகிற பொய் அது. வேகம் கூடினால் பிரம்பு கருகுகிற மணம் வரும்.

முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிற சுகந்தி எங்களிடம் பழகினார். கார் நிறுத்துமிடத்தில் தனியே நடக்கப் பயம் என்று சேர்ந்தவர். ஆள் நன்றாக வாசிப்பார். ஸ்பானியர் ஆண்ட காலத்தில் வாளும் கத்தியும் தடை என்பதால், மக்கள் இந்த வித்தையை நடனத்துக்குள்ளும் நாடகத்துக்குள்ளும் ஒளித்து வைத்தார்களாமே, உண்மையா என்று மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் பேசுவது ஆங்கிலம், தமிழில் தருகிறேன். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம், இருக்கலாம். எங்கட வீட்டில ஒருத்தரும் ஆடேல்லை. அப்பா கதவைச் சாத்திப்போட்டுப் பழகினவர். பயந்தவன் ஆடமாட்டான் மகள், கதவைத்தான் சாத்துவான்."

நீளப் பை

என் தங்கை வதனி, அவளுடைய கணவர், மகள் துளசி மூவரும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்தில் வதனி கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தாள். பத்தொன்பது வயதுத் துளசியை போராளி இயக்கம் கட்டாயமாகச் சண்டைக்குக் கொண்டுபோய்த் தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டது என்று சொன்னாள். பிறகு சத்தமில்லை. வேலையிலும் கழிவறையிலும் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

சண்டையை நிறுத்தச் சொல்லி நகரத்தில் எங்கள் சனம் தெருவில் இறங்கி நின்ற நாட்கள் அவை. ஒரு சனிக்கிழமை காலை, பன்னிரண்டு பிரம்புகள் நிறைந்த நீளப் பையோடு ஸ்டீல்ஸ் வீதி பஸ்ஸில் ஏறினேன். ஒரு பக்கத்துச் சிப் பிய்ந்து பிரம்பின் நுனிகள் வெளியே தெரிந்தன. எனக்கு முன்னால் இருந்த வெள்ளைக்காரர் எழும்பிப் பின்னுக்குப் போனார். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தமிழ் அன்ரி ஒருவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, ஊர்வலத்துக்குப் போறதெண்டால் போங்கோ, பொல்லுக் கட்டோட மட்டும் போகாதேங்கோ. நாளைக்குப் பேப்பரில உங்கட படம் வராது, எங்கட எல்லாற்ற படமும்தான் வரும்."

ஒரே நாட்டுக்காரர்

பங்குனியில் நிமல் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். குளிரூட்டி திருத்துகிற வேலை. படிவத்தில் பிறந்த நாடு ஸ்ரீலங்கா என்று கண்ட மாஸ்டர் பெரிய சந்தோஷத்தோடு அவர் கையைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்தார். பெயரைக் கேட்டதும் எனக்கு விளங்கியது. என் பெயரைக் கேட்டதும் அவருக்கும் விளங்கியது. நிமல் சிங்களவர். கொட்டாஞ்சேனையில் தமிழர் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார்.

சோடியோடு தொடங்குமுன் கம்பை நெற்றிக்கு உயர்த்தி வணக்கம் சொல்லவேண்டும், அது விதி. சொன்னோம். பிறகு எண்ணத் தொடங்கினோம். எந்தப் பாஷையில் எண்ணுவது என்று இருவருமே கேட்கவில்லை; ஒன், டூ, த்ரீ என்று ஆங்கிலத்தில் போனோம். என் கண் அவர் கையிலேயே இருந்தது. அவர் கண் என் கையில். இரண்டு பேரும் தேவைக்கு மேலே ஒரு சாண் விலகி நின்று அடித்தோம். நுனிகள் மட்டும் முட்டின. மாஸ்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஊர் ஆக்கள், உங்கட பாஷையில எண்ணலாமே. ஏன் கிடந்து கஷ்டப்படுறீங்கள்?"

பெருவிரல்

இதை எழுதுவதா விடுவதா என்று கனநாள் யோசித்தேன். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று சொன்ன இடத்துக்குள்ளேயே பீரங்கிச் செல் விழுந்ததாக வானொலியில் சொன்னார்கள். இறந்தவர்களின் பெயர் சொல்லவில்லை. அடுத்தநாள் காலை நித்திரையில்லாமல் வகுப்புக்குப் போனேன்.

நிமலோடு நான்காம் எண்ணில் என் கம்பு அவருடைய கம்புக்குப் போகவில்லை, பெருவிரலுக்குப் போனது. கை நழுவியது என்று மாஸ்டரிடம் சொன்னேன். கை நழுவினால் கம்பு சரிந்து விழும். என் கம்பு சரியவில்லை. பேஸ்மென்ரில் ரயரை அடித்துப் பழகிய அதே கோட்டில், நேராகப் போனது. அதற்குப் பிறகு எனக்கு வன்னியை நினைத்துப் பயம் ஒரு பக்கம், என்னுடைய வலது கையை நினைத்துப் பயம் மறுபக்கம். விரலில் ஐஸ் வைத்துக்கொடுத்தபோது நிமல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பரவாயில்ல அண்ணே. என்ட கைதானே பிழையான எடத்தில இருந்திச்சு."

உள்ளே போகிற வண்டி

வைகாசியில் சண்டை முடிந்தது. முள்வேலி முகாம்களில் லட்சக் கணக்கில் சனம் என்றார்கள். யார் உயிரோடு, யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. இனி நிமல் வகுப்புக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்றும் நினைத்தேன். அவர் பெருவிரலில் ஒட்டுகிற துணி ரேப் சுற்றிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிய்ந்த பிரம்புகளுக்கு ரேப் ஒட்டுவது உதவி ஆசிரியரின் வேலை. நிமல் கேட்காமலே பக்கத்தில் இருந்து ஒட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, தன்னுடைய மல்லி, சிங்களத்தில் தம்பி, ஆமியில் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறான் என்றார். முகாமுக்குள் தண்ணீர் கொண்டுபோகிற வண்டி. "உங்கட ஆக்கள் யாரும் அங்க இருக்காங்களா அண்ணே?"

ஆமிக்காரன் ஒருவன் என் தங்கையின் பெயரைத் தெரிந்துகொள்வதா? என் வாய் என்னைக் கேட்கவில்லை. "எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை" என்றேன். நிமல் ரேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு சொன்னார்: "சரி அண்ணே. ஆனா மல்லி கெழமைக்கு ஆறு நாள் உள்ள போறான்."

ஒழுங்கையில் வந்த ஜீப்

கதைக்க எனக்கு வேறு ஆள் இல்லை, சுகந்தியிடம் சொன்னேன். அவருடைய காருக்குள் இருந்து கதைத்தோம். வதனியைத் தேடிக் கண்டுபிடித்தால் நல்லது. ஆனால் தேடப் போகிறவன் துளசியின் கட்டையாக வெட்டிய தலைமயிரைக் கண்டால்? இயக்கத்தில் இருந்த பிள்ளைகளை வேறாகப் பிரித்துக் கொண்டுபோகிறார்கள் என்று கதை வந்துகொண்டிருந்தது. துளசி தாயோடு இருக்கிறாளா, உயிரோடு இருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது.

"குடுக்காதேங்கோ அண்ணை" என்றார் சுகந்தி. "பேர் குடுக்கிறது எண்டால் என்னெண்டு எங்களுக்குத் தெரியாதே? எங்கட ஊர் ஒழுங்கையில பேர் குடுத்த வீட்டுக்குத்தான் முதல் ஆமி ஜீப் வந்தது." சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்ராட் பண்ணினார். வண்டி நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "குடுக்காத வீட்டுக்கும் பின்னேரம் வந்தது."

இரண்டு பெயர்

டோடோங் மாஸ்டரின் அப்பா தன் மாணவர்களுக்குப் பன்னிரண்டு அடிகளில் பதினொன்றைத்தான் காட்டுவாராம். பழகினவன் ஒருநாள் தனக்கு எதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்று மிச்சம் ஒன்றை ஒளித்து வைத்துக்கொள்வாராம். அவர்கள் ஊரில் இது வழக்கம், யாரும் கோபிப்பதில்லை. நானும் ஒரு கடதாசி எடுத்தேன். வதனியின் பெயர், அவள் கணவரின் பெயர், இருவரின் வயது, கடைசியாக இருந்த ஊர். அதோடு நிறுத்தினேன். துளசியின் பெயரை எழுதவில்லை.

அடுத்த சனிக்கிழமை, சப்பாத்து மாட்டுகிற இடத்தில் வைத்து நிமலிடம் நீட்டினேன். போன கிழமை ஒருவரும் இல்லை என்று சொன்னவன் நான். அவர் வாங்கி விரித்தார். வாசித்தார்.

"ரெண்டு பேரா அண்ணே?"

"ஓம். ரெண்டு பேர்தான்."

கடதாசியை எட்டாக மடித்துப் பெருவிரல் ரேப்புக்குள் செருகினார். "ஃபோன்ல வாசிச்சுச் சொல்லிட்டுக் கிழிச்சுப் போட்டுடுவேன். அவனுக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க அண்ணே, யாருக்காகத் தேடுறேன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? எனக்கும் பயம்தான்."

கம்புச் சத்தத்துக்குள்

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் நிமல் வரவில்லை. அவருடைய தொலைபேசி இலக்கம் படிவத்தில் இருந்தது. எடுக்கத் துணிவு வரவில்லை. கடதாசி வேறு யாரிடமாவது போயிருக்கும் என்று ஒரு நேரம் நினைப்பேன். நான் எழுதிக் கொடுத்த பெயரை வைத்தே வதனியையும் கணவரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று இன்னொரு நேரம் நினைப்பேன். தங்கையை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு பாண் தட்டுகளை அடுக்கினேன். இரண்டாம் சனிக்கிழமை சுகந்தியோடு சோடி சேர்ந்தபோது வாசலைப் பார்த்துக்கொண்டு நின்று விரல் மூட்டில் அடி வாங்கினேன். என்னிடம் பழகியவர், நல்ல அடி.

மூன்றாம் சனிக்கிழமை நிமல் வந்தார். எனக்கு முன்னால் வந்து நின்று கம்பை நெற்றிக்கு உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். எண்ணத் தொடங்கினோம். ஆறு சோடிகள் ஒரே நேரத்தில் அடிக்கிற அறையில், ஒரு சோடி கதைப்பது பக்கத்துச் சோடிக்குக் கேட்காது. மல்லியின் வேலை மாறியிருந்ததாம், இப்போதுதான் திரும்பவும் உள்ளே போனானாம். என் கம்பு பாதி வழியில் நின்றது. "நிப்பாட்டாதீங்க அண்ணே, எல்லாரும் பாப்பாங்க. அடிங்க" என்றார். அடித்தேன். கண் மங்கிக் கம்பு தெரியவில்லை; அவர்தான் தன் கம்பைக் கொண்டுவந்து என் கம்பில் வைத்துக்கொண்டிருந்தார். அடிக்கு அடி, மூச்சு வாங்க, அவர் சொன்னது இது: "நீங்க ரெண்டு பேர்னு எழுதித் தந்தீங்க. அந்தக் கூடாரத்தில மூணு பேர் இருக்காங்களாம் அண்ணே. மூணாவது, தலையில துணி கட்டின பொம்பளப் பிள்ளையாம். மல்லி பேர் கேக்கல்ல, தண்ணிய ஊத்திட்டு வந்துட்டான்."

தற்காப்பு என்று வாசல் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பழக்கியிருக்கிறேன். எனக்குத் தெரிய எங்கள் வகுப்பால் தப்பிய ஒரே ஒரு ஆள், கம்பைக் கையால் தொட்டே பார்க்காதவள்.