அப்பா செத்துப்போன இரண்டு நிமிடம்

மெல்பர்னில் நான் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையில், யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் ஒரு அட்டை சுற்றி வரும். பழுப்பு உறைக்குள் ஒளித்து, சம்பந்தப்பட்டவர் கண்ணில் படாமல் மேசைக்கு மேசை கைமாறும். ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊரில் மாலையோடு நேரே போய் நின்று, எப்படி ஆச்சு, எப்ப எடுக்குறாங்க என்று கேட்டுவிட்டு வந்துவிடலாம். எழுத்து வேலை கிடையாது. போன ஜூலையில் எங்கள் போர்மேனின் தகப்பனார் தவறிப்போனார். அட்டை என்னிடம் வந்தபோது கை தானாக எழுதியது: ஒரு தகப்பன் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த இடம் காலியான பிறகுதான் தெரிகிறது. ஆங்கிலத்தில், பிழையில்லாமல்.

ஸ்டோர்ஸில் இருக்கும் ஹெலன் அதைப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தாள். உன் அப்பா எங்கே என்று மெல்லக் கேட்டாள். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார் என்றேன். அவள் கண்ணை மூடித் தலையாட்டி, அழகான பெயர், அங்கே நிம்மதியாக இருப்பார் என்றாள். எங்கள் ஊரைப் பூலோக வைகுண்டம் என்று சொல்லும் பெரியவர்கள் இதைக் கேட்டால் பூரித்துப்போவார்கள். அப்பா அந்நேரம் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்திருப்பார். நான் ஹெலனைத் திருத்தவில்லை. திருத்தினால், உயிரோடு இருப்பவரைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் எங்கே கிடைத்தது என்று கேட்பாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் கிடைத்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு. துவாக்குடிப் பக்கம் வெல்டிங் சூப்பர்வைசர். விசாவுக்கு ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். எழுதுவதாவது பரவாயில்லை, பேசவும் வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் கோச்சிங் சென்டர். வகுப்பில் எல்லாரும் நர்ஸிங் முடித்த பெண்கள். என்னை அங்கிள் என்றார்கள். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் அந்த மரியாதையும் குறைந்தது. துறையூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் எங்கள் மாஸ்டர் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை. ஆனால் எத்தனையோ பேரை ஏற்றி அனுப்பியவர். ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் பேச வேண்டிய தலைப்போடு அட்டை ஒன்று பரீட்சையில் வரும். மனிதரைப் பற்றிக் கேட்டால் செத்துப்போனவரைச் சொல்லிவிடுங்கள் என்பது அவருடைய யோசனை. "செத்தவரப் பத்தி யாரும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டாங்க. கொஞ்சம் தொண்டையும் அடைச்சா இன்னும் நல்லது" என்றார்.

அன்றே வகுப்பு முழுக்க எழவு விழுந்தது. ஒரு பெண் தாய்மாமனைக் கொன்றாள், இன்னொருத்தி கணக்கு டீச்சரை. நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். என் கதையில் அவர் எனக்கு டிக்ஷனரி வாங்கத் தன் சைக்கிளை விற்றார். பிறகு கொட்டுகிற மழையில் ஸ்கூலுக்குக் குடை கொண்டுவந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஹெலன் படித்த அந்த வாக்கியம்தான் கதையின் கடைசி வரி. நிஜத்தில் அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

தினமும் காலையில் கூடத்தில் நடந்தபடி இதைச் சத்தமாக ஒப்பிப்பேன். அப்பா ஆறடி தள்ளி ஈசிசேரில் இருப்பார். அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை, அதனால் தெரியாது என்று முடிவுகட்டியிருந்தேன். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருடம் ஆங்கிலப் புகார்க் கடிதங்களைப் படித்துப் பதில் போட்டவர் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நான்காம் நாள், தோசையைப் பிய்த்தபடி சொன்னார்.

"சைக்கிள வித்தது சரிதாண்டா. மழையில செத்ததுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"மார்க்குக்காகப்பா" என்றேன்.

"மார்க் வரும்னா நல்லா சாகடி. நான் எங்க போயிட்டேன்?"

மறுநாளிலிருந்து அவர் வாட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேரம் பார்க்க ஆரம்பித்தார். மூன்று வாரம். ஒவ்வொரு காலையும் தன் சாவை முழுசாகக் கேட்டுவிட்டு, "பத்து செகண்ட் இருக்கு, அவசரப்பட்டுட்ட" என்பார். தங்கை மாலதி மட்டும் அந்த நேரத்தில் கூடத்துக்கு வரவே மாட்டாள்.

பரீட்சையில் அட்டை வந்தது. உங்களுக்குப் பிடித்த ஒருவரோடு எப்படிப் பொழுதைக் கழிப்பீர்கள் என்று இருந்தது. வாட்சோடு உட்கார்ந்திருந்த மனிதரைச் சொல்லியிருக்கலாம். அவரைப் பற்றி என்னிடம் ஒரு வாக்கியம்கூடத் தயாராக இல்லை. சைக்கிளை விற்றேன், மழையைக் கொட்டவிட்டேன். தொண்டை நிஜமாகவே அடைத்தது. எதிரே உட்கார்ந்து பரீட்சை எடுத்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, உங்கள் மனசில் இருந்த பிரியம் அவருக்குத் தெரியுமா என்றாள். தெரியும், வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றேன். ஏதோ குறித்துக்கொண்டாள்.

அப்பா தெரு முனையிலேயே காத்திருந்தார். "என்ன கார்டு வந்துச்சு?"

வீட்டில் சொல்லும்போது அது விளையாட்டு. யாரோ ஒருத்தியிடம், அவள் நம்பும்படி சொல்லிவிட்டு வந்தது வேறு. "மார்க்கெட் பத்திப்பா. காந்தி மார்க்கெட்டச் சொன்னேன்" என்றேன்.

"அப்ப நான் மூணு வாரமா சும்மாவா செத்தேன்?" என்றார். இருவரும் சிரித்தோம். நான் சிரித்து முடிப்பதற்குள் அவர் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். மார்க் வந்து, விசா வந்து, நான் கிளம்பியும் ஆயிற்று. தன்னால் எதுவும் ஆகவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஹெலன் தோளைத் தொட்ட நாளிலிருந்து அது உறுத்தியது. அப்பாவுக்கு எண்பத்தொன்று, காது மங்கிவிட்டது, மெஷின் வேண்டாம் என்கிறார். ஆடிப் பதினெட்டு அன்று மாலதி அவரை அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப்போய் வீடியோவில் கூப்பிட்டாள். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, ஜன்னலை ஏற்றிவிட்டுக் கத்தினேன்: "அப்பா, அன்னிக்குக் கார்டுல உங்களத்தான் சொன்னேன். உங்களாலதான் பாஸ் ஆனேன்." அங்கே மேளச் சத்தம், கூட்டம். அவர் காதருகே கையை வைத்துப் பார்த்தார். பிறகு, நான் ஆற்றைப் பார்க்கக் கேட்கிறேன் என்று நினைத்து, போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார்.

மாலதி போனை வாங்கிக்கொண்டாள். "என்னண்ணா சொன்ன? சொல்லு, அப்பா காதுல சொல்றேன்."

எட்டு வருடத்தை அவள் வாயால் கத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "ஒண்ணுமில்ல மாலு. படி வழுக்கும், பாத்து எறங்கச் சொல்லு."

அவள் கத்தினாள். அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று கையசைத்தார். காவிரி கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. திரையின் மூலையில், பட்டறைத் தொப்பியோடு என் முகம் ஒரு சின்னச் சதுரத்தில் தெரிந்தது. அது அப்பாவின் பாதி முகத்தை மறைத்தது. விரலால் நகர்த்தினேன், மாலதி மறைந்தாள். இன்னும் நகர்த்தினேன், தண்ணீர் மறைந்தது.