எடுக்காத மணி

அப்பாவின் வான் வண்டிக்குள் இருந்த தொலைபேசியைக் காதில் வைத்தால், சூடாகும் எண்ணெயைப் போல மெல்லிய ‘சுர்’ என்ற இரைச்சல்தான் முதலில் வரும். நகரத்தை விட்டுத் தூரம் போகப் போக அது கூடும், பேசுபவரின் குரல் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும், ஆனாலும் சொல் விளங்கும். இருக்கைகளுக்கு நடுவே பூட்டியிருந்த அந்தக் கறுப்புப் பெட்டி பழைய அனலொக் வலையமைப்பில் இயங்கியது. பின்னர் வந்த கைத்தொலைபேசிகளைவிடப் பல மடங்கு வலுவாக அது அலையை அனுப்பியது என்பதைப் பொறியியல் படித்தபோதுதான் அறிந்தேன்.

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் நகரத்தின் ஓரத்திலுள்ள மல்வேர்னில் இருந்தோம். வடக்கே ஏரிகளுக்கு நடுவிலுள்ள சிற்றூர்களின் கராஜ்களுக்கு அப்பா கார் உதிரிப்பாகங்கள் கொண்டுபோய்க் கொடுப்பார். எடுத்துப் பேசினால் கட்டணம் என்பதால் அந்தத் தொலைபேசியில் நாங்கள் அநேகமாகப் பேசியதே இல்லை. அப்பா வீட்டுத் தொலைபேசிக்கு ‘மணி அடிச்சு விடுவார்’, நாங்கள் எடுக்கமாட்டோம், அவ்வளவுதான். ஒரு மணி என்றால் கடைசிக் கராஜுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு என்றால் திரும்புகிறார், உலை வைக்கலாம். நிற்காமல் அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும். அப்படி அது அடித்ததே இல்லை. பள்ளிவிட்டு வந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டே நான் மணிகளை எண்ணுவேன், அம்மா களைந்த அரிசியோடு காத்திருப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, அனலொக் சேவையை நிறுத்தப்போகிறோம் என்று தொலைபேசிக் கொம்பனி அறிவித்தது. பிளாசாக் கடைத்தொகுதியில் இருந்த அவர்களின் முகவர் கடைக்கு மூவரும் போனோம். கடையில் நின்ற தமிழ் இளைஞர் கணினித் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“அங்கிள், உந்தப் பழைய ஃபோனை இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்லை. நீங்களே பாவிக்கிறேல்லை. ஒரு நிமிஷம்கூடக் கதைக்கேல்லை எண்டு காட்டுது.”

“அப்ப நான் ஆர் அடிச்ச மணியைக் கேட்டு உலை வைக்கிறனான், தம்பி?” என்றார் அம்மா.

இளைஞருக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் அதைப் பதிய அவருடைய திரையில் இடமில்லை. யாரும் எடுக்காத அழைப்பு கட்டணப் பதிவில் ஏறாது. பதிவில் ஏறாததைக் கொம்பனி நடக்காதது என்று எடுத்துக்கொண்டது. எங்கள் வீடு நாள்தோறும் நம்பியிருந்த ஒன்றை யாரும் பயன்படுத்தவில்லை என்று சொல்லி, ‘பாவனை இல்லை’ என்று பெயர் வைத்து நிறுத்தினார்கள். அந்தப் பெயர்மீது எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே ஒரு நாள் வீட்டில் மணி அடிக்கவில்லை. ஊறிய அரிசியை அம்மா வடித்து வைத்தார், பிறகு மறுபடி தண்ணீர் விட்டார். ஏரிக்கரைக் கிளைவீதி ஒன்றில் வான் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. பழையதற்குப் பதிலாக வாங்கிய புதிய டிஜிட்டல் தொலைபேசியில் இரைச்சலும் இல்லை, குரலும் இல்லை. ‘சேவை இல்லை’ என்ற எழுத்து மட்டும். விடிந்த பிறகு பனி வழிக்கும் வண்டிக்காரர் கண்டு இழுத்தெடுத்தார். அப்பாவின் இடதுகால் விரல்கள் இரண்டுக்கு உணர்ச்சி திரும்பவேயில்லை.

மறுபடி கடைக்குப் போனோம். இளைஞர் வரைபடத்தை விரித்தார். “இந்தப் படத்தில அந்த இடமெல்லாம் சிக்னல் இருக்கெண்டு நிறம் அடிச்சிருக்கே, அங்கிள்.”

“நான் படத்திலயோ தம்பி நிண்டனான்? பள்ளத்துக்குள்ள எல்லோ நிண்டனான்.”

இப்போது நானும் தொலைபேசி வலையமைப்பில்தான் வேலை செய்கிறேன். மூடவேண்டிய பழைய தொழில்நுட்பங்களின் பட்டியல்கள் என் மேசைக்கும் வருகின்றன. போன மாதம் வந்ததில் வடக்குக் கோபுரங்கள் சிலவற்றுக்கு நேரே ‘பாவனை இல்லை’ என்றிருந்தது. எடுக்காத அழைப்புகளைச் சேர்த்துப் பார்த்தீர்களா என்று பட்டியலை அனுப்பியவர்களிடம் கேட்டேன். அவற்றை யார் பார்ப்பார்கள் என்று சிரித்தார்கள். பார்க்கும்வரை என் ஒப்புதல் கிடைக்காது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்று வேலை முடிந்து புறப்படும்போது, அப்பா செய்ததுபோல அம்மாவுக்கு இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்தேன். உடனே அவர் திருப்பி அழைத்தார்.

“என்ன பிள்ளை, ரெண்டு மணி அடிச்சிட்டு வைச்சிட்டாய், ஏதும் பிரச்சினையோ?”