பூமாலை பட்டறையில் சுழி வெட்டு

பெரம்பலூர் துறையூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் பூமாலைக்கு எதையும் அள்ளித்தான் பழக்கம். சோற்றை உருட்டினால் தேங்காய் அளவுக்கு உருட்டுவார், விக்கல் எடுத்துத் தண்ணீருக்குத் தவிப்பார். கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் குடையும் சிஎன்சி மில்லிங் மிஷின் வாங்கிய பிறகும் குணம் மாறவில்லை. இரும்புக் கட்டியில் பள்ளம் எடுக்க வேண்டுமென்றால் கட்டரை முழு அகலத்துக்கும் உள்ளே புதைத்து, "இழுடா ராசா!" என்பார். மூலைக்கு மூலை மிஷின் அலறும். பக்கத்துத் தையல் கடை பாக்யலட்சுமி காதில் பஞ்சை அடைத்துக்கொள்வாள். கடைசியில் 'டப்' என்று ஒரு சத்தம். கட்டர் போச்சு.

ப்ரோக்ராம் போடுவது அவர் மனைவி சுமதி. உடைந்த கட்டர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், ஒருநாள் கம்ப்யூட்டரில் வேறு வழி போட்டாள். கட்டர் பள்ளத்தின் முழு ஆழத்துக்கும் இறங்கும். ஆனால் பக்கவாட்டில் மெல்லிய சீவலாகத்தான் எடுக்கும். மூலையில் போய் முட்டாமல் சுழி சுழியாக வளைந்து ஓடும். சுமை கூடாமல் குறையாமல் இருப்பதால் வேகத்தைப் பல மடங்கு ஏற்றலாம்.

"என்ன புள்ள இது, கொசு கடிக்கிற மாதிரி?"

"கொசுதாங்க. ஆனா ஆயிரம் கொசு. தள்ளி நில்லுங்க."

மிஷின் கிளம்பிய வேகத்தில் பூமாலை அலமாரிக்குப் பின்னால் போய்விட்டார். அங்கிருந்தே பாய்ந்து வந்து, மிஷினை நிறுத்தும் சிவப்பு பட்டனை அமுக்கினார்.

"ஏங்க!"

"பறக்குது புள்ள! கூரையப் பிச்சுக்கிட்டுப் போயிடும்!"

மறுபடி ஓட்டினாள். மறுபடி அமுக்கினார். சுமதி அவரை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தால் பள்ளம் முடிந்திருந்தது. சூடெல்லாம் சீவலோடு போய்விட, கட்டியைத் தொட முடிந்தது. பாக்யலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கரண்ட் போச்சா? சத்தத்தையே காணோம்?"

அன்று பிடித்தது பித்து. டீக்கடையில், சலூனில், கல்யாண வீட்டுப் பந்தியில் பூமாலைக்குச் சுழி வெட்டைத் தவிர வேறு பேச்சில்லை.

பங்குனியில் தங்கைக்கு வரன் அமையட்டும் என்று, நந்தி கல்யாணம் பார்க்க அவளை அழைத்துக்கொண்டு சுமதி திருமழபாடிக்குப் போனாள். மறுநாள் அவள் திரும்புமுன் வேப்பந்தட்டையிலிருந்து வெள்ளைச்சாமி வந்தார். சின்ன வெங்காயத்துக்கு வால் நறுக்கும் மிஷின் ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொண்டிருப்பவர். கொண்டுவந்திருந்த அதன் இரும்பு அடித்தட்டை மேலாக ஒரு நூல் கனத்துக்குச் சீவ வேண்டும், அவ்வளவுதான்.

"உக்காருங்க. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தரேன்."

பூமாலை தானே கம்ப்யூட்டரில் சுழி வெட்டைத் தட்டினார். சின்னக் கட்டர் அகலமான தட்டின் மேல் சுற்றத் தொடங்கியது. டீ முடிந்தது. கட்டர் இன்னும் ஓரத்திலேயே சுற்றியது. வெள்ளைச்சாமி இன்னொரு டீ குடித்தார், பேப்பரில் வரி விளம்பரம் வரை படித்தார், பிறகு மிஷின் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"ஏங்க, மார்கழிதான் போயிடுச்சே, இன்னும் கோலம் போடுறீங்க?"

"நவீன முறைங்க. அப்படித்தான் இருக்கும்." சொல்லும்போதே பூமாலைக்கு வேர்த்தது. நிறுத்தவும் மனமில்லை, நிறுத்தாமல் இருக்கவும் தைரியமில்லை.

சாயங்காலம் பிரசாதப் பையோடு சுமதி உள்ளே வந்தாள். ஒரே பார்வைதான். இந்த முறை சிவப்பு பட்டனை அமுக்கியது அவள்.

"ஏங்க, பள்ளம் ஆழமா இருந்தாத்தானே சுழி வெட்டு லாபம்? தட்டை மேலாகச் சீவ அது எதுக்கு? வூடு கூட்ட யாராச்சும் பல்லு வெளக்குற பிரஷ்ஷ எடுப்பாங்களா?"

பெரிய வட்டக் கட்டரை மாட்டி, நேர்கோட்டில் இப்படி ஒரு ஓட்டம், அப்படி ஒரு ஓட்டம். தட்டு பளபளத்தது. வெள்ளைச்சாமி பூமாலையை ஏற இறங்கப் பார்த்தார். தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். 

அதற்குள் வேப்பந்தட்டை பஸ்ஸும் போயிருந்தது. பூமாலையே பைக்கில் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. பாதி வழி தாண்டியதும் வெள்ளைச்சாமி வாய் திறந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. அந்தம்மா ஊருக்குப் போனா கடைக்கு லீவு விட்டுருங்க."

"சரிங்க," என்றார் பூமாலை.

வெங்காய மிஷின் நன்றாகவே ஓடியது. அடுத்த வாரம் சுமதியின் பெயருக்கு ஒரு மூட்டை சின்ன வெங்காயம் வந்து இறங்கியது. உரிக்கும் வேலை மட்டும் பூமாலைக்கு.