அக்கா காத்த தொட்டி

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும்போது கழிவுநீரைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. முகம் சுளிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு கடலோரக் கிராமத்தில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். எங்கள் சிறு வயதிலேயே அம்மா போய்விட, எங்களை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். திருமணமாகிச் சென்னைக்கு வந்த சில ஆண்டுகளில் அத்தானையும் இழந்தார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டே மகனைப் படிக்க வைத்தார். ஓய்வுக்குப் பிறகு மகன், மருமகளோடு அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறினார்.

அங்கே பின்புறம் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி ஒன்று உண்டு. அதன் பொறுப்பை யார் ஏற்பது என்று சங்கக் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்களாம். அக்கா மட்டும், "நான் பார்த்துக்கிறேன்" என்றார். அன்று பிடித்தது அந்தப் பித்து. கல்யாண வீட்டுப் பந்தியிலும் எங்கள் காதில் விழுந்ததெல்லாம் தொட்டிப் புராணம்தான்.

சென்ற ஆண்டு போகிக்கு வீட்டுக்கு வீடு கழுவித் தள்ளினார்கள். எல்லாக் கழிவறையிலும் ஆசிட். தொட்டியில் அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் அத்தனையும் செத்துப்போயின. பொங்கல் பால் பொங்கும் நேரத்தில் நாற்றம் மூன்றாவது மாடி வரை ஏறியது. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி, "இன்னாம்மா, எல்லா ஊட்லயும் ஆசிட்டு ஊத்திகீறாங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா வீட்டிலும் ஊற்றியிருந்தார்கள். மருமகள் என்றும் பாராமல் அதைச் சங்கக் கூட்டத்திலேயே போட்டு உடைத்தவர் அக்கா. அந்த மருமகளே இதைப் படித்துவிட்டு, "இருக்கட்டும் மாமா, எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்.

தொட்டி சரியாகும்வரை கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் திறந்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கால்வாய் நேராக ஏரிக்குத்தான் போகிறது. சில மாதங்களாக அக்காவை வாட்டிய நோய் அப்போது முற்றியிருந்தது; மருத்துவர்கள் எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர் கவலை வேறு. "ஒரு தடவை திறந்துட்டா அப்புறம் மூட மாட்டாங்கடா" என்றார். பொங்கல் விடுமுறை முடியும்வரை சங்கத்தாரிடம் தவணை வாங்கினார்.

படுத்தபடியே வேலை வாங்கினார். நூம்பலில் மாடு வைத்திருப்பவரிடமிருந்து சாணம் வந்தது. கொரட்டூரில் வேறொரு குடியிருப்பின் தொட்டியிலிருந்து உயிருள்ள சேறு வந்தது. நுண்ணுயிர்கள் மறுபடி பெருகட்டும் என்று இரண்டையும் தொட்டியில் கரைத்து ஊற்றி, காற்று மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினார்கள். எனக்கோ பயம். தொட்டி தோற்றால் அந்த வருத்தத்தோடுதான் அக்கா போவார்.

விடுமுறையின் கடைசி நாள் முனுசாமி ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். "மோந்து பாரும்மா. நாத்தம் போயிகீது."

அக்கா முகர்ந்தார். "மண் வாசனை வருது" என்றார். வலி தொடங்கிய பிறகு அவர் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான். தை முடிவதற்குள் ஒரு விடியலில், தூக்கத்திலேயே அடங்கிவிட்டார். அழுதோம். ஆனாலும் நெஞ்சில் பாரமில்லை.

உடனிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சாணம் தந்த நூம்பல்காரருக்கும், சேறு தந்த கொரட்டூர் குடியிருப்பினருக்கும், தவணை தந்த சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. முனுசாமிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

தகனம் முடிந்து திரும்பினோம். குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாது. அத்தனை கூட்டம். இப்போதுதான் தேறிய தொட்டி தாங்குமா என்று பயந்து, தலைக்கு ஒரு செம்பு போதும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். முனுசாமி வந்து என் கையைப் பிடித்தார்.

"இன்னா சார் நீ. அம்மாவுக்கோசரம் வந்துகீறாங்க. நல்லா குளிக்கச் சொல்லு. தாங்கும்."

குளித்தோம். எல்லோரும் ஆசைதீர, அழுதுகொண்டே குளித்தோம். அதில் ஒரு சொட்டும் ஏரிக்குப் போகவில்லை.

இப்படிக்கு,
தம்பி