நாலாம் நம்பரின் காதும் ஒரு போனின் அக்கறையும்

பத்தொன்பது வருட உத்தியோகத்தில் அவருடைய காதைப் பற்றி முதன்முதலாகக் கவலைப்பட்டது அவருடைய செல்போன்தான். அதற்காக அவர் நன்றியோடு இருந்தாரா என்றால், இல்லை. அதைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது என்பதால் சுவர் தப்பித்தது.

பெயிண்ட் டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற கம்பெனி அது. தகரப் பட்டையை உள்ளே தள்ளிக் காலால் மிதியை அமுக்கினால், மேலிருந்து இரும்புத் தலை இறங்கி டம்மென்று ஒரு மூடியை வெட்டி, வளைத்து, வெளியே துப்பும். நிமிடத்துக்கு நாற்பது மூடி, நாற்பது டம். இப்படி எட்டு பிரஸ்கள் ஒரே தகரக் கூரையின் கீழ், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், சொத்துத் தகராறில் இருக்கும் எட்டு அண்ணன் தம்பிகளைப் போல அடித்துக்கொண்டிருக்கும். அவர் நிற்பது நான்காவது பிரஸ்ஸில். அதனால் கம்பெனிக்குள் அவர் பெயர் நாலாம் நம்பர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

உள்ளே வாய்க்கு வேலை கிடையாது, கைதான் பேசும். கட்டை விரலை உதட்டருகே சாய்த்தால் தண்ணீர். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு மணி. இரண்டு விரல்களால் மூக்குக்குக் கீழே மீசை இழுத்தால் மேனேஜர் வருகிறார், பீடியை அணை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் தொண்டை கிழியக் கத்துவார்கள். இரண்டாவது வாரம் கையால் பேசுவார்கள். பத்தாவது வருடம் வீட்டிலும் கையாலேயே பேசுவார்கள்.

ஒரே ஒரு நாள் கம்பெனி எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்தது. ஆரஞ்சு நிறம், அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கும். அன்று வெளியூரிலிருந்து யாரோ பெரிய மனிதர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டி வெளியே போனதும் ஸ்டோர்காரர் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்து, ஜோடி ஜோடியாக எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து பழையபடி எந்திரம் துடைக்கிற வேஸ்ட் பஞ்சுதான் காதில்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போக பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் அவருக்கே அவருக்கானது. போனில் ஹெட்போனைச் செருகி, நாலு பேர் உட்கார்ந்து நாட்டு நடப்பைப் பற்றி ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிற விவாதத்தைக் கேட்பார். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினால்தான் யார் யாரைக் கடிக்கிறார்கள் என்று தெரியும். சரியாக ஒருவர் மாட்டிக்கொள்கிற நேரம் பார்த்துப் போன் தானாகச் சத்தத்தைக் குறைத்துவிடும். திரையில் ஒரு கட்டம் வரும். ‘அதிக ஒலியில் நீண்ட நேரம் கேட்பது உங்கள் செவித்திறனைப் பாதிக்கலாம்.’ கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் மறுபடி ஏற்ற முடியும். அமுக்குவார், ஏற்றுவார். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கட்டம், அதே அக்கறை.

ஒரு நாள் பஸ்ஸிலேயே வெடித்துவிட்டார்.

"ஏன்டா, உள்ள எட்டு மணி நேரம் மண்டையில சுத்தியலால அடிச்சாங்களே, அப்ப எங்கடா போயிருந்த? நான் ரெண்டு வார்த்தை கேக்க உக்காந்தாத்தான் உனக்கு என் காது ஞாபகம் வருதா?"

பக்கத்து சீட்டுக்காரர், தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து எழுந்து பின்னால் போய்விட்டார்.

இந்த எச்சரிக்கையை நிறுத்த வழி தேடி அவர் போகாத இடமில்லை. ரீசார்ஜ் கடைக்காரர் போனை ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு, "இனிமே வராது" என்றார். வந்தது. மகள் உள்ளே போய் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள்.

"இதை முழுசா நிறுத்த முடியாதுப்பா. அளவை வேணா கொஞ்சம் மாத்தலாம். உங்க நல்லதுக்குத்தானே சொல்லுது?"

"என் நல்லதுக்குச் சொல்றவங்க எல்லாம் என்னை ஏன்டி தொல்லை பண்றாங்க?"

இதற்குப் பிறகுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். கம்பெனியில் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். எல்லோருக்கும் அவர் சேஃப்டி சார். ஏசி அறை, சுவரில் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கிற பொம்மைப் படம், கையில் சகலமும் காட்டுகிற வாட்ச். படித்தவர், போன் விவரமெல்லாம் விரல் நுனியில். ஊழியர்களின் காதைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவரிடம் போய், காதைக் காக்கிற போனை எப்படி அடக்குவது என்று நாலாம் நம்பர் யோசனை கேட்டார்.

சேஃப்டி சார் அன்பாக உட்காரச் சொன்னார். போனை வாங்கி எங்கெங்கோ அமுக்கினார்.

"ஆறு மாசத்துல நாப்பத்தோரு வார்னிங் வந்திருக்கே, பாத்தீங்களா? ஒவ்வொண்ணும் தேதியோட இருக்கு."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். மனுஷன் எத்தனை தடவை பொறுத்துப்பான்?"

சேஃப்டி சார் தன்னுடைய போனால் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். "ரெக்கார்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் ஒரே பெருமை. "போட்டோவெல்லாம் எடுத்துக்கிட்டார். போன் கம்பெனிக்கு மேல எழுதிப் போடுவார் போல. படிச்சவன் படிச்சவன்தான்."

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனிக்குக் காது பரிசோதிக்கிற வண்டி வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். ‘பீப்’ என்று கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். நாலாம் நம்பர் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு மூன்று தடவை கேட்டது, அமுக்கினார். பிறகு ஒன்றும் வரவில்லை. பொறுமை போய்த் தலையை வெளியே நீட்டி, "எப்பம்மா மிச்சத்தை ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சு சார்" என்றாள் அந்தப் பெண், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வாரம் ஒரு படிவம் கையில் வந்தது, இரண்டு பக்கம். அன்று மாலை மகள் அதைப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அப்பா, ரெண்டு காதும் பாதி போயிடுச்சுன்னு போட்டிருக்கு. காரணம்னு இருக்கிற இடத்துல, நீங்க ஹெட்போனை அதிகச் சத்தத்துல வெச்சுக் கேட்டதுதான்னு டைப் அடிச்சிருக்காங்க. எச்சரிக்கையை நீங்க தொடர்ந்து மதிக்கலையாம். பின்னாடி உங்க போன் ஸ்கிரீனை கலர்ல பிரிண்ட் எடுத்து வெச்சிருக்காங்க. நாப்பத்தொண்ணு."

அவர் படிவத்தை வாங்கிப் பின்னால் புரட்டி, அந்தக் கலர்ப் படத்தைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டா பேக்கிங் செக்‌ஷனுக்கு மாத்துவாங்களாம். போடலைன்னா வேலைக்குத் தகுதியில்லைன்னு எழுதிடுவாங்களாம். ஆனா போட்டீங்கன்னா, காது போனதுக்கு நீங்களேதான் காரணம்னு நீங்களே சொன்ன மாதிரி. நாளைக்கு யார்கிட்டயும் போய் ஒண்ணும் கேக்க முடியாது."

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ரிமோட்டைக்கூட எங்ககிட்டக் கொடுக்க மாட்டீங்க. அந்த ஆளுகிட்டப் போய் போனை எதுக்குங்க தூக்கிக் கொடுத்தீங்க?"

ராத்திரி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். காது போனதைவிட, பழியைத் தன் தலையில் கட்டினவனே அன்பாக உட்கார வைத்து உபசரித்தான் என்பதுதான் அவரை உறுத்தியது.

மறுநாள் காலை பத்தரைக்கு, அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. வர முடியாது என்று கையை ஆட்டினார். இரண்டாவது தடவையும் ஆட்டினார். மதியத்துக்குள் கோப்பு மேலிடத்துக்குப் போயாக வேண்டும். எனவே பதினொரு மணிக்கு சேஃப்டி சாரே படிவத்தோடு பிரஸ் பகுதிக்குள் வந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளில் சுற்றிக் காட்டியபோது வந்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

அவர் உதடு அசைந்தது. நாலாம் நம்பர் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். மிதியிலிருந்து கால் மட்டும் எடுக்கவில்லை. டம், டம்.

சேஃப்டி சார் அவர் காதருகே குனிந்து கத்தினார். "ஒரு கையெழுத்துதான்!"

"படிச்சுக் காட்டுங்க சார்! இங்கயே நின்னு! என் காதுல விழுந்தாப் போடுறேன்!"

சேஃப்டி சார் சுற்றிலும் பார்த்தார். எட்டு பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் மற்ற ஏழு பேரும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. இரண்டாவது பக்கத்தின் நடுவில் சட்டென்று நிறுத்தித் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்தவர் வேகமாகச் சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டார்.

பத்தொன்பது வருடமாக மனிதர்களின் கையை மட்டுமே படித்து வாழ்ந்தவர் முன்னால் கையை ஒளிக்கக் கூடாது. நாலாம் நம்பர் மிதியை விட்டார். மூடியை எடுக்கிற லாகவத்தில் அந்த மணிக்கட்டைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினார். வாட்ச் திரையில் மஞ்சள் கட்டம். கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை. அடுத்த பிரஸ்ஸில் நிற்கிற அஞ்சாம் நம்பரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் எட்டிப் பார்த்தாள், இரண்டு தடவை படித்தாள். பிறகு திரும்பி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக் காட்டி, விரலால் வாட்சைச் சுட்டினாள்.

ஒவ்வொரு பிரஸ்ஸாக நின்றது. கடைசி டம் அடங்கியதும், அந்தக் கூரைக்குக் கீழே பகல் நேரத்தில் ஒருவரும் கேட்டிராத அமைதி.

அஞ்சாம் நம்பர் சத்தமாகப் படித்தாள். "இங்கே ஒலி தொண்ணூத்தியேழு டெசிபல். இந்த அளவில் நீண்ட நேரம் இருந்தால் செவித்திறன் பாதிக்கப்படலாம்."

"கையை விடுங்க" என்றார் சேஃப்டி சார்.

"விடுறேன் சார். எத்தனை நிமிஷம் நின்னீங்க? அஞ்சு? ஆறு? ஆறு நிமிஷத்துல உங்க வாட்சுக்குப் பொறுக்கலை. நான் பத்தொம்பது வருஷம் நின்னேன். எவனாவது வந்து ஒரு வார்த்தை சொன்னானா?"

"அது சும்மா ஒரு தோராயம். வாட்ச் காட்டுறதையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது."

"அப்ப போன் காட்டுறது மட்டும் எப்படி சார் ஆதாரம்? உங்க வாட்சு பொய் சொல்லும், என் போனு மட்டும் சத்தியம் பேசுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"அண்ணே, நீங்க முதல்ல வாட்சை போட்டோ எடுங்க, ரெக்கார்டுக்கு இருக்கட்டும்" என்றாள் அஞ்சாம் நம்பர். யாரோ சிரித்தார்கள். நாலாம் நம்பர் சிரிக்கவில்லை. அவர் கை இன்னும் அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவள்தான் படம் எடுத்தாள்.

பிறகு அவர் படிவத்தை வாங்கிப் பிரஸ்ஸின் மேல் வைத்தார். டைப் அடித்திருந்த காரணத்தின் மேல், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடு போட்டார். பக்கத்தில், எண்ணெய்க் கை பட்டுப் பட்டு, எழுதினார்: ‘நாலாம் நம்பர் பிரஸ். பத்தொன்பது வருடம்.’ கீழே கையெழுத்து. அதற்குக் கீழே அஞ்சாம் நம்பர் கையெழுத்துப் போட்டாள். மற்ற ஆறு பேரும் பேனாவுக்காக வரிசையில் நின்றார்கள். அதையும் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் காகிதம் சேஃப்டி சார் கைக்குப் போனது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். பாதுகாப்புக் காரணங்களுக்காக, பிரஸ் பகுதிக்குள் கைக்கடிகாரம் அணிந்து வர இனி யாருக்கும் அனுமதியில்லை. எட்டு பேரில் ஒருவரிடமும் கைக்கடிகாரம் கிடையாது.

அதே அறிவிப்புப் பலகையில், எந்திரத்தை நிறுத்தியதற்காக நாலாம் நம்பருக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட் என்றும் இருந்தது. நல்லதாகப் போயிற்று. தொழிலாளர் துறை அலுவலகம் வேலை நாளில்தான் திறந்திருக்கும். இத்தனை வருடத்தில் அங்கே போக அவருக்கு ஒரு பகல்கூட வாய்த்ததில்லை. மகளும் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு, இரண்டு படங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் குனிந்தபடி என்னவோ கேட்டார். நாலாம் நம்பருக்கு விழவில்லை. மறுபடி கேட்டார். நாலாம் நம்பர் தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஹாலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுத்தர் நிமிர்ந்தார். "ஏங்க இப்படிக் கத்துறீங்க?"

மகள் அந்தக் கேள்வியை அப்பாவுக்குக் கையால் சொன்னாள்.

"அதான் சார் புகாரே" என்றார் அவர், இன்னும் சத்தமாக. "எழுதிக்கோங்க."