மருந்து போட்டது யார்?

யுத்தம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் நடுவில் என் கோழிப்பண்ணை. சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு ஆறு கோழியோடு தொடங்கி, ஆயிரம் முட்டைக் கோழிக்கு வந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் கோழியின் சத்தத்தை வைத்தே அதன் சுகம் சொல்லுவேன். எங்கள் பக்கத்தில் அப்படி இன்னொருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் காரைதீவுத் தமிழர் ஒருவரும் கோழி வளர்த்தார். ஒருநாள், "காக்கா, கோழிக்கு மருந்து போட்டாச்சோ?" என்று கேட்டார். முஸ்லிம்களான எங்களை, அண்ணன் என்ற முறையில், அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஓம்" என்றேன்.

மூன்று வாரத்தில் என் கோழிகள் மூச்சு இழுத்தன. முட்டைகள் ஓடு சுருங்கிக் கோணலாக விழுந்தன. ஒவ்வொரு நாளும் சாவு. தடுப்பு மருந்தை என் கையாலேயே தண்ணீரில் கலந்து கொடுத்திருந்தேனே, பிறகு எப்படி? அப்போதுதான் அவருடைய கேள்வி நினைவுக்கு வந்தது. சோற்றில் நஞ்சு வைப்பதற்கும் எங்கள் ஊரில் 'மருந்து போடுவது' என்றுதான் பெயர்.

தண்ணீர்த் தாங்கியைப் பூட்டினேன். வேலியை உயர்த்தினேன். அவர் செருமினால்கூட யாருக்கோ சைகை காட்டுவதாகப் பட்டது.

"கோழிர சத்தம் விளங்குற உங்களுக்கு மனுஷன்ட சத்தம் விளங்கல்லியா?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. இராணுவ முகாமில் அவர் பெயரைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அந்த நாட்களில் அப்படிக் கொடுத்தால் ஒரு தமிழர் எப்போது வீடு திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்துதான் கிளம்பினேன்.

நஞ்சு என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்குவதற்காக, செத்த கோழி இரண்டோடு முதலில் மிருக வைத்தியரிடம் போனேன். அவர் வெட்டிப் பார்த்தார்.

"இதுல நஞ்சு இல்ல, முதலாளி. நோய். என்ன மருந்து குடுத்தீங்க?"

"ஒண்டில்ல டொக்டர், ரெண்டு! கல்முனையில ஒரு கொம்பனி, அக்கரைப்பற்றுல வேற கொம்பனி. ஒரே வாளியில கலந்தன். ரெட்டைப் பூட்டு!"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அந்தப் போத்தல்களில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க் கிருமியாம். இரண்டு வகை ஒரே கோழிக்குள் சேர்ந்தால், தங்கள் மரபுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு மூன்றாவது ஒன்று பிறக்கலாமாம். "ரெண்டு சாதுவுக்குப் பொறந்தது சண்டியனாகவும் வரும். உறுதியாச் சொல்லப் பெரிய ஆய்வுகூடம் வேணும். ஆனா என்ட சந்தேகம் உங்கட வாளியிலதான்."

முகாம் சந்தியில் சைக்கிளைத் திருப்பவில்லை. நேராகப் பண்ணைக்கு வந்தேன். வேலியடியில் அந்தக் காரைதீவுக்காரர் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அதே இழுப்புச் சத்தம் கேட்டது.

"நீங்க போட்ட மருந்தையே நானும் போடலாமெண்டுதான் காக்கா அண்டைக்குக் கேட்டன். வாங்குறதுக்கு முந்தி என்ட கோழிக்கும் நோய் வந்திட்டு."

காற்றிலோ, என் செருப்பிலோ, வேலியைத் தாண்டிப் போனது என் கொட்டிலின் நோய்தான். வாளியில் கலந்ததை அவரிடம் ஒப்புக்கொண்டேன். முகாமுக்குக் கிளம்பியதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போதும் யார்மீதாவது சந்தேகம் வந்தால், முதலில் என் வாளியைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.